கண் கேட்காத கேள்வி

செண்பகவல்லி கடைசியாகக் கேட்டது முட்டையைப் பற்றி.

அது வெறும் பயிற்சித் தேர்வு. சத்துணவுக் கூடத்துக்கு வருகிற முட்டைகளை, வந்திருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி வகுப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு நிரல் எழுத வேண்டும். ஜெனோவா மேல்மாடி அறையில் கணினி முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி கீழ்த்தளத்தில் வேறோர் அறையில் இருந்தாள். இரண்டு அறைக்கும் நடுவே போய்வந்தது எழுத்து மட்டும்தான். ஜெனோவாவின் திரை ஓரத்தில் ஒரு வரி முளைத்தது.

"எட்டாம் வகுப்பு மொத்தமும் டூர் போயிருந்தா?"

ஜெனோவா நாக்கைக் கடித்துக்கொண்டாள். வகுப்பில் ஒருவருமே இல்லையென்றால், அவள் எழுதியிருந்த நிரல் பூச்சியத்தால் வகுக்கப் பார்த்து அப்படியே நின்றுவிடும். அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்தது.

"எனக்குப் பசிக்குது, தெரியுமா?"

கேள்விக்குறி கட்டாயம். தேர்வின் விதி அப்படி. மேலே இருப்பவர் 'கை', அவர்தான் எழுதுவார். கீழே இருப்பவர் 'கண்'. நிரல் ஓடுவதைப் பார்ப்பார், ஆனால் விடையைச் சொல்லக்கூடாது, கேள்விதான் கேட்கலாம். நிரலையெல்லாம் இயந்திரங்களே எழுதித் தள்ளுகிற காலம் வந்த பிறகு, பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் எதைச் சோதிப்பது என்று பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த வழி இது. என்ன வேண்டும் என்று ஒருவருக்குத் தெளிவாகச் சொல்லத் தெரிகிறதா, எது விட்டுப்போயிருக்கிறது என்று இன்னொருவருக்குக் கேட்கத் தெரிகிறதா, அவ்வளவுதான். கேள்விக்குறி இல்லாத வரியை 'மதிப்பி' கீழேயிருந்து மேலே அனுப்பாது. மதிப்பி என்பது மூன்று வருடமாக அவர்களைக் கவனித்து மதிப்பெண் போட்டுவரும் மென்பொருள். செண்பா அதை ஏமாற்றுவதில் கெட்டிக்காரி. "உன் எழுத்தப் பாத்தா எனக்குத் தூக்கம் வருது, உனக்கு வரலியா?" என்று நடுத்தேர்வில் அனுப்புவாள்.

அன்று மாலை இருவரும் பள்ளிக்கூட வாசலில் நின்று காராச்சேவு தின்றார்கள். "தல கனக்குதுட்டி" என்றாள் செண்பா. "வெயில்ல நின்னுக்கிட்டு காரத்தத் தின்னா கனக்காம என்ன செய்யும்" என்றாள் ஜெனோவா. செண்பாவின் அம்மா ஓட்டிவந்த டவுன் பஸ் வந்து நின்றது. செண்பா பொட்டலத்தில் மிச்சம் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டு ஏறிப் போனாள்.

காய்ச்சல் என்றார்கள். ரத்தத்தில் அணுக்கள் குறைகின்றன என்றார்கள். பிறகு ஏறுகிறது, பயமில்லை என்றார்கள். அடுத்த வாரம் செண்பா இல்லை.

*

இஸ்ரவேல் சார் கணினி ஆசிரியர். யாரையும் அதட்டத் தெரியாத மனிதர். ஜெனோவாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு வெகுநேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேற ஜோடி போட முடியாதும்மா. எட்டாம் வகுப்புலேருந்து உங்க ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் மதிப்பி பாத்துட்டு வருது. இப்ப மாத்துனா மூணு வருச மார்க்கும் போயிரும்."

"அப்ப தனியா எழுதட்டா சார்?"

"தனியா எழுத இந்தத் தேர்வுல எடமே இல்லியே. இந்த மாதிரி ஆயிட்டா அதுக்கு ஒரு ஏற்பாடு வச்சிருக்காங்க. துணைக்கண்ணுன்னு பேரு. பழைய பதிவுகள வச்சு மதிப்பியே ஒரு கண்ணச் செஞ்சுக்கிடும். ஆளு கெடையாது. கேள்வி மட்டும் கீழேயிருந்து வரும்."

"செண்பா கேக்க மாதிரியா?"

சார் துடைப்பதை நிறுத்தினார். "இத்தன வருசமா அவ கேட்டதெல்லாம் அதுக்கிட்ட இருக்குல்லா."

"எப்பவும் இருக்குமா சார்?"

"நீ பாஸாகுற வரைக்கும் இருக்கும். பாஸாயிட்டா ஜோடிக் கணக்கு முடிஞ்சிரும், அதையும் எடுத்துருவாங்க." அதைச் சொல்லிவிட்டு, ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவர் மாதிரி அவசரமாக, "நல்லா எழுதும்மா" என்றார்.

தேர்வன்று ஜெனோவா மாடியேறினாள். ஒரு தண்ணீர் லாரியை எந்தத் தெருவுக்கு எப்போது அனுப்புவது என்பது கேள்வி. கை அதுபாட்டுக்கு எழுதியது. மனசு கீழ்த்தளத்தில் இருந்தது. திரை ஓரம் வெறுமையாகவே கிடந்தது. ஒன்றும் வராது என்று நினைத்துக்கொண்டபோது வந்தது.

"ஏட்டி, இன்னிக்கி என்ன கொண்டாந்திருக்க?"

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். மேற்பார்வைக்கு வந்திருந்த டீச்சர் தண்ணீர் வேண்டுமா என்று சைகையில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். "பணியாரம்" என்று அடித்தாள்.

"எனக்கு வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

"குழாயே இல்லாத தெரு ஒண்ணு இருந்தா?"

செண்பாவேதான். பணியாரத்திலிருந்து குழாய்க்கு இப்படித் தாவ வேறு யாரால் முடியும்? ஜெனோவாவுக்கு எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று உடனே தெரிந்துவிட்டது. திருத்தினால் நிரல் சரியாகிவிடும். சரியானால் பாஸ். பாஸானால்?

அவள் அந்த வரியைத் தொடவில்லை. அப்படியே சமர்ப்பித்தாள். திரையில் 'தேர்ச்சி இல்லை' என்று வந்தபோது, ஓடுகிற பஸ்ஸைப் பிடித்துவிட்டவள் போல அவளுக்கு மூச்சு வாங்கியது.

*

இரண்டாவது தடவையும் அவள் தோற்றாள். இந்த முறை கேள்வி சுலபம். வேண்டுமென்றே விடுவதற்கு ஏதாவது ஒன்றைத் தேட வேண்டியிருந்தது.

"வேணும்னே விடுதியோ?" என்று கேட்டது ஓரத்து வரி.

"ஆமா."

"எதுக்கு?"

"பாஸானா நீ போயிருவ."

"நான் எங்க போகப்போறேன்?" என்று வந்தது.

ஜெனோவா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுதலா, கிண்டலா, உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறதா? கேள்விக்குறி மூன்றுக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது.

வீட்டில் அவள் அம்மா கத்தித் தீர்த்தாள். "அந்தப் புள்ள மட்டும் இப்ப இருந்திருந்தா உன்ன வெளக்கமாத்தால அடிச்சிருக்கும். அவ கண்ணு, நீ கையா? எந்தக் கை, சோத்துக் கையா?" அடுத்த முறையும் தோற்றால் பத்தாம் வகுப்பை இன்னொரு வருடம் படிக்க வேண்டும் என்று சார் சொல்லி அனுப்பியிருந்தார். அவளுடைய வகுப்பு மொத்தமும் மேலே போய்விடும். அவள் மட்டும் அதே பெஞ்சில் இருப்பாள். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். ஜெனோவாவின் காதில் விழுந்ததோ வேறு. இன்னொரு வருடம். வருடம் முழுவதும் செண்பா கீழே உட்கார்ந்து பசிக்கிறது என்பாள்.

தோற்பது என்று முடிவு பண்ணிவிட்டாள். ஆனால் ஒன்று உறுத்தியது. பெற்றவள் ஒருத்தி வெயிலில் பஸ் ஓட்டிக்கொண்டிருக்க, பிள்ளையைத் தான் மட்டும் ஒளித்துவைத்துக்கொள்வது திருட்டு மாதிரி இல்லையா?

*

பழைய துறைமுகம்தான் கடைசி நிறுத்தம். கண்டக்டர் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்ட பிறகு, எல்லோரும் இறங்கிவிட்டால் பஸ்ஸில் செண்பாவின் அம்மா முத்துச்செல்வி மட்டும்தான். ஓட்டுநர் இருக்கையிலேயே திரும்பி உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பாள். ஜெனோவா இறங்காமல் நிற்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "வாட்டி, புளிச்சோறு திங்கியா?" என்றாள்.

"வேண்டாம் அத்தை."

"எளச்சுப் போயிட்டியே. உங்கம்மா ஒண்ணும் தர்றதில்லியா? இந்நேரத்துக்கு எங்க பொறப்புட்ட?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஜெனோவா நடுவில் தொடங்கினாள். "செண்பா அங்கதான் இருக்கா அத்தை. பரீச்சையில. கீழ் ரூம்ல. நான் பாஸானா எடுத்துருவாங்க. அதனாலதான் ரெண்டு வாட்டியும் பெயிலானேன். வேணும்னே. உங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன்."

முத்துச்செல்வியின் கையிலிருந்த கவளம் பாக்ஸுக்குள் திரும்பிப் போனது.

"யாருட்டி சொன்னது?"

"இஸ்ரவேல் சார். அவ பழசெல்லாம் வச்சு..."

"நான் வேண்டாம்னுட்டேனே."

ஜெனோவாவுக்குப் புரியவில்லை.

"எரிச்சுட்டு வந்த மறுநாளு ரெண்டு பேரு வந்தாக. உங்க பொண்ணு மூணு வருசம் எழுதுனது எங்ககிட்ட இருக்கு, கூட்டாளிப் பிள்ளைக்குப் பரீச்சை இருக்கு, பயன்படுத்திக்கிடட்டுமான்னு கேட்டாக. நல்ல மாதிரியாத்தான் கேட்டாக. நான்தான், எம்பிள்ளய ஒரு வாட்டி எரிச்சாச்சு, இன்னொரு வாட்டி எழுப்பி வேலைக்கு அனுப்ப முடியாது, அழிச்சிருங்கன்னுட்டேன். எங்கண்ணு முன்னாலதான் அழிச்சாக."

வெளியே ஒருவன் ஐஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். பெட்டி தரையில் உரசுகிற சத்தம் பல்லைக் கூச வைத்தது.

"அப்ப எங்கிட்ட பேசுறது யாரு அத்தை?"

"என்னையக் கேட்டா?" முத்துச்செல்வி கையைக் கழுவக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்கிறவள் மாதிரி, "என்னதான் கேட்டா?" என்றாள்.

"பணியாரம் வச்சிருக்கியான்னு கேட்டா. எப்பவும் போல, பசிக்குதுன்னு..."

"பசிக்குதுன்னா?"

"ஆமா. அவளுக்குத்தான் எந்நேரமும் பசியாச்சே."

"எம்மவளுக்கா? பத்தாப்பு படிக்க பிள்ளைக்கு நான் ஊட்டி விட்டுட்டில்லா வண்டியெடுக்க வருவேன். வாயத் தொறன்னு மல்லுக்கட்டணும். பசிக்குதுங்க வார்த்தய அவ வாயாலே நான் கேட்டதே இல்லட்டி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பெண்ணைப் பறிகொடுத்துவிட்டு ஒரே பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருக்கிறோமோ என்று ஜெனோவாவுக்கு ஒரு கணம் தோன்றியது.

*

இஸ்ரவேல் சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"அவங்க வேண்டாம்னு சொன்னது எனக்குத் தெரியாதும்மா. எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. நான் பொதுவா நடக்கதத்தான் சொன்னேன்."

"அழிச்சுட்டாங்கன்னா எப்படி சார் கேள்வி வருது?"

"கண்ணோட பதிவு இல்லேன்னா கையோட பதிவுலேருந்து செய்யும்." அவர் விரல்களைக் கோத்துப் பிரித்தார். "மூணு வருசமா நீ ஒரு வரி எழுதிட்டு, அவ என்ன கேப்பாளோன்னு காத்திருந்திருக்க. சில நேரம் அவ கேக்கதுக்கு முன்னாலயே திருத்தியிருக்க. அவளுக்கு நீ பதில் எழுதியிருக்க. எல்லாம் உன் பக்கத்துப் பதிவு. ஒரு பக்கம் பேசுறதக் கேட்டே மறுபக்கம் என்னன்னு ஊகிக்க முடியும்லா, போன்ல பேசுறவங்களப் பாத்துட்டு இருக்க மாதிரி? அதத்தான் செய்யுது."

"அப்ப அது செண்பா இல்ல."

"இல்ல."

"நானா?"

"அவ இப்படித்தான் கேப்பான்னு நீ நெனைக்க பாரு, அது" என்றார். "உன்கிட்ட இருக்க அவ."

"பசிக்குதுன்னு அவ நெசமாவே சொல்லுவா சார்."

"சொல்லிருப்பாம்மா. யாரு இல்லேன்னா?"

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஜெனோவா குழம்பினாள். காராச்சேவுப் பொட்டலத்தைப் பிடுங்கியது செண்பாதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தலை கனக்கிறது என்று சொன்னது அவளா, வெயிலில் தனக்குத்தான் கனத்ததா? தூக்கம் வருகிறது என்று எழுதியது செண்பா. அப்படியென்றால் அதற்குச் சிரித்தது யார்? ஒவ்வொரு நினைவையும் எடுத்து இது யாருடையது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதன் மேலும் பெயர் எழுதியிருக்கவில்லை. தன்னைத்தானே பிரிய மனமில்லாமலா இரண்டு தடவை தோற்றோம் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பும் செண்பா சிரிக்கிற மாதிரியே மூக்கால் வந்தது.

*

மூன்றாவது தேர்வுக்கு அவள் எந்த முடிவும் எடுக்காமல்தான் போனாள்.

கேள்வி இதுதான். ஒரு டவுன் பஸ் நிறுத்தத்துக்கு நிறுத்தம் போகிறது. ஆட்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். வழியில் விபத்து நேர்ந்தால், பஸ்ஸுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மீட்புக் குழுவுக்கு உடனே சொல்ல வேண்டும். அதற்கு ஒரு நிரல் எழுதுக.

ஜெனோவா எழுதினாள். விடவும் பார்க்கவில்லை, ஜெயிக்கவும் பார்க்கவில்லை. கேள்வி கேள்வியாக இருந்தது, எழுதினாள்.

"பிள்ளையத் தூக்கிட்டு ஏறுனா?" என்று வந்தது.

கைப்பிள்ளையையும் ஓர் ஆளாக எண்ண வேண்டும் என்று அவள் ஏற்கெனவே எழுதியிருந்தாள்.

"பின்வாசல் வழியா எறங்கிட்டா?"

அதையும் எழுதியிருந்தாள். ஒவ்வொரு கேள்வியும், அவள் மனசில் தட்டிய பிறகே திரையில் தட்டியது. முன்பு இப்படியா இருந்தது? முன்பெல்லாம் செண்பாவின் கேள்வி வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். கடைசியாக எப்போது நாக்கைக் கடித்தோம் என்று யோசித்துப் பார்த்தாள்.

"வேற ஏதாவது கேளு" என்று அடித்தாள்.

"வேற என்ன கேக்க?"

"எதையாவது விட்டிருக்கேனா பாரு."

"நீ என்ன நெனைக்க?"

அவள் மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை படித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அழுத்தினாள்.

தேர்ச்சி.

நல்ல மதிப்பெண். கைக்கும் கண்ணுக்கும் சேர்த்தே கொடுத்திருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கழித்திருந்தது. 'கடைசி நிறுத்தத்தில் பயணிகள் அனைவரும் இறங்கிய பின், பேருந்துக்குள் எத்தனை பேர்? உன் விடை: 0. சரியான விடை: 1.'

ஜெனோவாவுக்கு விளங்கவில்லை. எல்லோரும்தான் இறங்கிவிட்டார்களே. மதிப்பிதான் தப்பாகப் போட்டுவிட்டதோ? யார் அந்த ஒருவர்? நிரலை மறுபடி படித்தாள். ஏறியவர்கள், இறங்கியவர்கள், கைப்பிள்ளை, பின்வாசல்.

பிறகு புரிந்தது. புரிந்ததும் முதுகில் யாரோ கையை வைத்த மாதிரி இருந்தது.

செண்பாவாக இருந்தால் பஸ் என்ற சொல்லைப் பார்த்த உடனேயே கேட்டிருப்பாள். வேறு எதைக் கேட்பதற்கும் முன்னால் அதைத்தான் கேட்டிருப்பாள். எங்கம்மா எங்கட்டி? பஸ்ஸப் பூராவும் எண்ணிட்டியே, எங்கம்மாவ எங்க வச்சிருக்க?

திரையின் ஓரம் இன்னும் மூடியிருக்கவில்லை. ஜெனோவா அவசர அவசரமாக அடித்தாள். "டிரைவர நீ கேக்கலியே."

"எந்த டிரைவர்?" என்று வந்தது.

அதற்குப் பிறகு ஓரம் வெறுமையாகிவிட்டது. ஜெனோவா அழுதாள். காய்ச்சல் என்று சொன்ன நாளிலிருந்து அவள் இப்படி அழுததில்லை. கீழ் அறையில் இத்தனை நாளும் யாரும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உண்மையாயிற்று.

*

முத்துச்செல்வியிடம் அதை மறைக்கத் தோன்றவில்லை. கடைசி நிறுத்தத்தில் பஸ் காலியானதும் சொன்னாள். நான் உங்கள எண்ண மறந்துட்டேன் அத்தை என்றாள்.

முத்துச்செல்வி முதலில் சிரித்தாள். "எவதான்ட்டி எண்ணுதா? ஏறுறவுகளுக்கு நான் ஸ்டியரிங் மாதிரி ஒரு சாமான்தான்." பிறகு கண்ணாடியைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததை எடுத்துக் கோணலாக்கி மறுபடி சரிசெய்தாள்.

"நான் அன்னிக்கி சரின்னு சொல்லிருந்தா, அவ கேட்டிருப்பாளோ?"

கேட்டிருப்பாள் என்று சொன்னால் ஒரு வலி. மாட்டாள் என்று சொன்னால் இன்னொரு வலி. எது உண்மை என்று ஜெனோவாவுக்குத் தெரியவில்லை.

"தெரியல அத்தை" என்றாள்.

முத்துச்செல்வி தலையாட்டினாள். "எனக்கும் தெரியலட்டி. எறங்கு, வண்டியெடுக்கணும்."

ஜெனோவா மேலே படித்து, வேறு ஊரில் வேலைக்கும் போய்விட்டாள். பொங்கலுக்கு வரும்போது அந்தப் பஸ்ஸில் பழைய துறைமுகம் வரை ஒரு முறை போய்வருவாள். வழியில் எத்தனையோ மாறிவிட்டன. பஸ்ஸும் புதிது. முன்வாசலுக்கு மேலே, உள்ளே எத்தனை பேர் என்று காட்டும் சிறிய பலகை ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். கடைசி ஆளும் இறங்கிய பிறகு முத்துச்செல்வி வண்டியைத் திருப்புகிறாள். அப்போது அந்தப் பலகையில் பூச்சியம்தான் இருக்கிறது.